முடிவு மட்டும் போதாது, ஆட்டத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செஸ் கற்கும் பிள்ளைகளுக்காகத் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் அதில் சொல்லப்பட்டிருந்த இரண்டு யோசனைகளை என்னால் ஏற்க முடியவில்லை. ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) என்பது மனப்பாட விஷயம், எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) காட்டும் முதல் பதினைந்து நகர்த்தல்களை நெட்டுருப் போட்டால் போதும் என்பது ஒன்று. எஞ்சின் வந்துவிட்ட காலத்தில் பழைய போட்டி ஆட்டங்களை உட்கார்ந்து பார்ப்பது நேர விரயம் என்பது இன்னொன்று. பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கூடவே ஒரு கோரிக்கையும் உண்டு. தங்கள் பக்கத்தில் வரும் செஸ் செய்திகள் யார் யாரை வென்றார், யார் எத்தனை புள்ளிகளோடு முன்னிலையில் இருக்கிறார் என்பதோடு நின்றுவிடுகின்றன. வாரத்துக்கு ஒரு ஆட்டத்தையாவது முதல் நகர்த்தலிலிருந்து கடைசி நகர்த்தல் வரை அச்சிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனப்பாடம் செய்துவிட்டு வரும் பிள்ளைகளை நான் நிறையவே பார்க்கிறேன். நஜ்டார்ஃப் சிசிலியன் என்னும் ஓப்பனிங்கில் பன்னிரண்டு நகர்த்தல் வரை கடிகாரத்தைப் பார்க்காமலே ஆடுவார்கள். பதின்மூன்றாவதில் எதிராளி அவர்கள் படித்த பட்டியலில் இல்லாத ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டால் கை அப்படியே நின்றுவிடும். தள்ளப்பட்டது மோசமான நகர்த்தலாகக்கூட இருக்கும். ஆனால் அது ஏன் மோசம் என்று இவர்களுக்குத் தெரியாது. தங்கள் குதிரை எந்தக் கட்டத்துக்காகக் காத்திருக்கிறது, யானைக்கு எந்த நேர்வரிசை திறக்கப்போகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. பட்டியல் முடிந்த இடத்தில் அவர்களுடைய ஓப்பனிங்கும் முடிந்துவிடுகிறது. ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்தவனுக்கு அப்படி ஆவதில்லை. பத்தாவது நகர்த்தலில் வைத்த காய் இருபத்தைந்தாவது நகர்த்தலில் என்ன வேலை செய்தது என்று அவன் கண்ணால் கண்டிருக்கிறான்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட ஒரு ஆட்டத்தை எடுத்துப் பார்ப்போம். 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கும் அகிபா ரூபின்ஸ்டைனுக்கும் நடந்தது. கருப்புக் காய்களுடன் ஆடிய ரூபின்ஸ்டைன் 25 நகர்த்தல்களில் வென்றார். கடைசியில் அவர் ராணியையே பலி கொடுத்து, யானையை மூன்றாவது வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவார். அந்த முடிவைப் படம் போட்டுக் காட்டாத பயிற்சியாளர் இருக்க மாட்டார். நான் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவது அந்த முடிவை அல்ல, பதினான்காவது நகர்த்தலை.

குயின்ஸ் கேம்பிட் என்னும் ஓப்பனிங் வகையில் தொடங்கிய ஆட்டம் அது. கருப்பு பதினான்காவது நகர்த்தலாக மந்திரியை பி7இல் (நேர்வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை பெயர்) வைத்ததும் ஆட்டத்தை நிறுத்தச் சொல்வேன். பலகையில் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே அமைப்பு. இருவருக்கும் மந்திரிகள் ஒரே மாதிரி, குதிரைகள் ஒரே மாதிரி, ராணி இ நேர்வரிசையில், சிப்பாய்களும் அப்படியே. ஒரே வித்தியாசம், கருப்பு காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்துவது) செய்து முடித்துவிட்டது, அதோடு ஒரு யானை டி8இலும் வந்து உட்கார்ந்துவிட்டது. வெள்ளை இன்னும் காஸ்லிங்கே செய்யவில்லை. முதல் காயை நகர்த்தியது வெள்ளைதானே, பின்தங்கியது எப்படி என்று கேட்பேன்.

பிள்ளைகள் திரும்பப் போய் எண்ணுவார்கள். வெள்ளையின் ராணி முதலில் டி2க்குப் போயிற்று, பிறகு இ2க்கு வந்தது. கருப்பு ராணி ஒரே எட்டில் இ7. அங்கே ஒரு நகர்த்தல் போயிற்று. வெள்ளை தன் மந்திரியை டி3இல் வைத்த உடனே கருப்பு சி4இல் இருந்த சிப்பாயை வெட்டியது. மந்திரி அதைத் திருப்பி வெட்டப் போய், அங்கிருந்து துரத்தப்பட்டு, மறுபடி டி3க்கே வந்து சேர்ந்தது. டி3க்கு வர மொத்தம் மூன்று நகர்த்தல். கருப்பின் மந்திரி டி6க்கு வர எடுத்துக்கொண்டது இரண்டு. இன்னொரு நகர்த்தலும் போயிற்று. ஆக மொத்தம் இரண்டு. காஸ்லிங்குக்கு ஒன்று, டி8 யானைக்கு ஒன்று, கணக்கு சரியாக இருக்கிறது.

இதைத் தானே எண்ணிக் கண்டுபிடித்த பிள்ளை, குயின்ஸ் கேம்பிட்டில் இருவரும் ஏன் சி4 சிப்பாய் விஷயத்தில் அவ்வளவு பொறுமையாக இருக்கிறார்கள் என்பதைப் பிறகு மறப்பதே இல்லை. மந்திரி நகரட்டும் என்று கருப்பு காத்திருக்கிறது. கருப்பு வெட்டட்டும் என்று மந்திரியை நகர்த்தாமல் வெள்ளை காத்திருக்கிறது. ஓப்பனிங் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி இருக்கும். அந்த வரியை மட்டும் படித்தவனுக்கு அது ஒரு விதி. ரூபின்ஸ்டைன் ஆட்டத்தைப் பார்த்தவனுக்கு, அந்த ஒரு நகர்த்தலை இழந்தவன் 25ஆவதில் தோற்றான் என்பது தெரியும்.

அப்புறம் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து வரப்போகும் ஆட்டத்துக்கு அது வேண்டும். பதினைந்தாவதில் வெள்ளை காஸ்லிங் செய்தது. கருப்பு குதிரையை இ5க்குக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டது; மந்திரி இ5இல் வந்து நின்றது. அதைத் துரத்த வெள்ளை எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது. பிறகு இ சிப்பாயையும் முன்னே தள்ளியது. அந்த இரண்டு சிப்பாய்களும் முன்னே போனதும் ராஜாவை நோக்கிய மூலைவாட்டுப் பாதை காலியாகிவிட்டது. பி6இலிருந்து மந்திரி செக் சொன்னது. ராஜா எச்1க்கு ஒதுங்கியது. பி7 மந்திரி நீண்ட மூலைவாட்டில் அதே ராஜாவைக் குறிவைத்தது. குதிரை ஜி4க்குப் பாய்ந்தது. இரண்டு மந்திரிகள், ஜி4இல் ஒரு குதிரை, மூலையில் ஒரு ராஜா. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

இனி 2013க்கு வாருங்கள். விக் ஆன் ஜீ போட்டியில் ஆரோனியனுக்கு எதிராக ஆனந்த் கருப்பில் ஆடினார். அப்போது அவர் உலக சாம்பியன். ஓப்பனிங் மெரான். ரூபின்ஸ்டைன் ஆட்டத்தின் நகர்த்தல் வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பன்னிரண்டாவதில் வெள்ளைக் குதிரை ஜி5க்குத் தாவியது, ஆனந்த் சி சிப்பாயைத் தள்ளினார். வெள்ளைக் குதிரை எச்7இல் சிப்பாயை வெட்டியதும் அவர் அதைத் திருப்பி வெட்டவில்லை. தன் குதிரையை ஜி4க்கு அனுப்பினார். வெள்ளை எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது. இ சிப்பாய் டி4இல் வெட்டப் போய்விட்டது. கருப்பு மந்திரி சி5க்கு வந்தது. அடுத்து இன்னொரு குதிரையும் இ5க்கு வந்து நின்றது, சிப்பாய் வெட்டினால் வெட்டட்டும் என்று. மந்திரி டி4இல் செக் சொன்னது, வெள்ளை ராஜா எச்1க்குப் போனது. பி7இல் இன்னொரு மந்திரி. ஜி4இல் குதிரை. 23ஆவது நகர்த்தலில் ஆரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இடையில் 106 ஆண்டுகள். இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து இரண்டு பலகைகளில் வைத்துக் காட்டினால் பத்து வயதுக் குழந்தைகூட விரலை நீட்டிக் காட்டுகிறது: இங்கேயும் அதே, அங்கேயும் அதே என்று. ஆனந்தின் ஆட்டத்துக்குப் பின்னால் வீட்டில் செய்த எஞ்சின் தயாரிப்பு இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எஞ்சின் ஒரு நகர்த்தலை மேலே கொண்டுவந்து காட்டும்போது, அதில் என்ன இருக்கிறது என்று அடையாளம் காணும் கண் மனிதனுக்கு வேண்டும். பழைய ஆட்டங்கள் கொடுப்பது அந்தக் கண்ணைத்தான்.

இப்போது ஆட்ட முடிவுகளைப் பற்றி. இதுதான் எனக்கு முக்கியமான விஷயம்.

1955இல் கோதென்பர்கில் நடந்த இன்டர்ஜோனல் போட்டியில் (உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்று) ஒரே சுற்றில் மூன்று அர்ஜென்டினா வீரர்கள் மூன்று சோவியத் வீரர்களை எதிர்த்துக் கருப்பில் ஆடினார்கள். கெரெஸுக்கு எதிராக நஜ்டார்ஃப், கெல்லருக்கு எதிராகப் பன்னோ, ஸ்பாஸ்கிக்கு எதிராகப் பில்னிக். மூன்று பலகையிலும் ஒரே ஓப்பனிங், நஜ்டார்ஃப் சிசிலியன். மூவரும் ஒன்பதாவதில் ஜி சிப்பாயை ஜி5க்குத் தள்ளினார்கள். வெள்ளையின் எஃப்4 சிப்பாயை ஜி5க்கு இழுத்துவிட்டால், இ5 கட்டம் கருப்புக் குதிரைக்கு நிரந்தர இருக்கையாகிவிடும் என்பது திட்டம். அழகான திட்டம்தான். ஆனால் வெள்ளை பதினோராவதில் இ6இல் குதிரையைப் பலி கொடுத்தது, ராணி எச்5இல் செக் சொன்னது, மந்திரி பி5க்குப் போனது. மூன்று பலகையிலும் வெள்ளை வென்றது.

மறுநாள் செய்தித்தாளில் முடிவுகளை மட்டும் பார்த்தவர் என்ன நினைத்திருப்பார்? வெள்ளைக்கு மூன்று, கருப்புக்குப் பூஜ்ஜியம். அந்த ஓப்பனிங் செத்தது. இன்றைக்கு டேட்டாபேஸில் வெற்றிச் சதவீதத்தைப் பார்த்து ஓப்பனிங் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் செய்வதும் இதே கணக்கைத்தான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1958இல், போர்டோரோஸ் இன்டர்ஜோனலில் கிளிகோரிச்சுக்கு எதிராக அமெரிக்காவின் 15 வயது ஃபிஷர் அதே வரிசையை ஆடினார். அதே ஜி5, அதே இ6 பலி, அதே எச்5 செக், அதே பி5 மந்திரி. பதின்மூன்றாவதில் கோதென்பர்கில் யாரும் ஆடாத ஒன்றை அவர் ஆடினார். யானையை எச்8இலிருந்து எச்7க்கு ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். ஏழாவது வரிசையில் நின்று அது ராஜாவுக்குக் காவல் ஆயிற்று. ஆட்டம் டிரா. அந்தப் போட்டியில்தான் அவர், உலக சாம்பியனை எதிர்ப்பவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸுக்குத் தகுதி பெற்று கிராண்ட்மாஸ்டரும் ஆனார். மூன்று பேர் தோற்ற ஆட்டங்களைத் தள்ளிவிடாமல், எந்த இடத்தில் தோற்றார்கள் என்று தேடிப் பார்த்தால்தான் இப்படி ஒரு நகர்த்தல் கைக்கு வரும். சோவியத் செஸ் இதழ்களில் வரும் ஆட்டங்களைப் படிப்பதற்காகவே ரஷ்ய மொழியைக் கற்றுக்கொண்டவர் ஃபிஷர்.

அதே ஃபிஷரின் புகழ்பெற்ற வெற்றி ஒன்றுக்கும் இதே கதி நேர்ந்தது. 1972, ரெய்க்யவிக், ஸ்பாஸ்கிக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டம். வழக்கமாக இ4 ஆடும் ஃபிஷர் அன்று சி4 ஆடி, குயின்ஸ் கேம்பிட்டில் டார்டகோவர் அமைப்புக்குள் போனார். பதினான்காவதில் மந்திரியை பி5க்குக் கொண்டுபோனார். ஸ்பாஸ்கி அதை விரட்ட ஏ சிப்பாயைத் தள்ளினார். அதிலிருந்து கருப்பின் நடுச் சிப்பாய்கள் பக்கத்துச் சிப்பாயின் துணையின்றித் தொங்கலாகிப் போய், ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கியது. தோற்ற ஸ்பாஸ்கியே எழுந்து நின்று கைதட்டிய ஆட்டம் அது. உலகமே பார்த்த ஆட்டம். பார்த்தவர்கள் எல்லோரும் வெள்ளையின் அந்த பி5 மந்திரி நகர்த்தலை நம்பினார்கள்.

ஸ்பாஸ்கியின் குழுவில் இருந்தவர் கெல்லர். மறு வருடம் ஹில்வர்சம் போட்டியில் டிம்மன் அவருக்கு எதிராக அதே வரிசையை பதினான்காவது நகர்த்தல் வரை அப்படியே ஆடினார். கெல்லர் ஏ சிப்பாயைத் தொடவில்லை. ராணியை இ7இலிருந்து பி7க்கு நகர்த்தினார். வெள்ளை சி5இல் ஒரு சிப்பாயை வெட்டி எடுத்துக்கொள்ள விட்டுவிட்டு, குதிரையை ஏ6இல் கொண்டுபோய் வைத்தார். மந்திரி அந்தக் குதிரையை வெட்டியது, ராணி திருப்பி வெட்டியது. இப்போது பலகையைப் பாருங்கள். ஏ6 ராணி எஃப்1 கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையால் காஸ்லிங் செய்ய முடியாது. ஒரு சிப்பாய் லாபத்தோடு ராஜா நடுவில் மாட்டிக்கொண்டது. டிம்மனின் ராஜா டி2க்கு நடந்தே போனது; 29ஆவது நகர்த்தலில் கெல்லர் வென்றார்.

இந்த இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்த ஒரு பதினான்கு வயது மாணவி என்னிடம் கேட்டாள்: "அப்போ ஸ்பாஸ்கி தோத்தது ஓப்பனிங்கால இல்லையா சார்?" இந்தக் கேள்வி வந்துவிட்டால் என் வேலையில் பாதி முடிந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். அன்றிலிருந்து அவள் டார்டகோவரை ஆடுகிறாள். ராணியின் பக்கத்து யானையை எங்கே வைக்க வேண்டும், சி5, டி5 சிப்பாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது எதை எப்போது தள்ளலாம் என்பதெல்லாம் அவளுக்கு நகர்த்தல் எண்ணாக ஞாபகம் இல்லை. ஸ்பாஸ்கிக்கு இப்படி ஆயிற்று, கெல்லர் இப்படிச் செய்தார் என்றுதான் ஞாபகம் இருக்கிறது. எதிராளி வரிசையை மாற்றினாலும் அந்த ஞாபகம் உதவுகிறது.

மார்ஷல் அட்டாக் என்ற ஓப்பனிங்கையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1918இல் நியூயார்க்கில் கபபிளாங்காவுக்கு எதிராக மார்ஷல் அதை ஆடித் தோற்றார். குதிரையை எஃப்6க்குத் திருப்பிக்கொண்டு போனது அவருடைய பதினோராவது நகர்த்தல். அதற்குப் பதிலாக சி சிப்பாயை சி6க்கு ஒரு கட்டம் தள்ளலாம் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். இன்றைக்கு உலகின் முன்னணி வீரர்களே வெள்ளையில் ஆடும்போது மார்ஷல் அட்டாக்குக்குள் போக வேண்டாம் என்று எட்டாவது நகர்த்தலிலேயே வேறு வழி தேடுகிறார்கள். முதல் பெரிய ஆட்டத்தில் தோற்ற ஓப்பனிங் அது.

எனவே ஆட்டத்தின் முடிவை வைத்து ஓப்பனிங்கை எடை போடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். பல ஆட்டங்களில் தோல்வி முப்பத்தைந்தாவது நகர்த்தலில் நேரம் இல்லாத அவசரத்தில் வந்ததாக இருக்கும். தோற்றவரே ஓப்பனிங்கில் நன்றாக நின்றிருப்பார். சதவீதக் கணக்கில் அது தெரியாது. பலமான ஆட்டக்காரர் பலவீனமானவரை வென்ற ஆட்டங்களும் அந்தச் சதவீதத்துக்குள்தான் கலந்து கிடக்கின்றன. பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் அதிவேக) ஆட்டங்கள் கலந்திருந்தால் இன்னும் மோசம்.

"எல்லா ஆட்டமும் இலவசமாக ஃபோனிலேயே கிடைக்கிறதே, நாளிதழ் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கிறது, உண்மைதான். 1960களில் பெல்கிரேடிலிருந்து வந்த இன்ஃபர்மேட்டர் ஆட்டத் தொகுப்புகளுக்கு ஆட்டக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். 1987இல் செஸ்பேஸ் என்ற ஆட்டத் தரவுத்தள மென்பொருள் வந்தது, 1994இலிருந்து ஒவ்வொரு வாரமும் உலகப் போட்டிகளின் ஆட்டங்கள் இணையத்தில் தொகுத்துத் தரப்படுகின்றன. இன்றைக்கு லைசெஸ் போன்ற தளங்களில் லட்சக்கணக்கான ஆட்டங்களை ஒரு பைசா கொடுக்காமல் பார்க்கலாம். ஓப்பனிங்குகளுக்கு ஏ00 முதல் இ99 வரை ஐந்நூறு எண்கள் இருக்கின்றன, எண்ணைத் தட்டினால் அத்தனை ஆட்டமும் வந்து கொட்டும்.

பிரச்சினையே அந்தக் கொட்டுவதில்தான் இருக்கிறது. ஃபோனில் ஆட்டத்தைத் திறக்கும் பிள்ளை அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போகிறது. நாற்பது நகர்த்தல் அரை நிமிடத்தில் ஓடிவிடும். பக்கத்தில் யார் முன்னிலை என்று காட்டும் எஞ்சினின் எண் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. கண் அங்கேயே இருக்கிறது, பலகையில் இல்லை. ஒரு நகர்த்தலுக்கு முன் நின்று, நானாக இருந்தால் என்ன ஆடுவேன் என்று யோசிக்க அங்கே யாரும் நிறுத்துவதில்லை. அச்சில் வந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் பலகையை எடுத்து வைத்து, காய்களை அடுக்கி, கையால் ஒவ்வொன்றாக நகர்த்தியாக வேண்டும். அடுத்த வரியை ஒரு காகிதத்தால் மூடிக்கொண்டு ஊகிக்கலாம். கை வேகம் குறைந்தால்தான் மூளை வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

நான் வகுப்பில் செய்யச் சொல்லும் முறையையும் இங்கே எழுதுகிறேன், பெற்றோர் யாராவது படித்தால் உதவும். முதலில் ஒரு ஓப்பனிங்கைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பல ஆண்டுகள் விடாமல் ஆடிய ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நஜ்டார்ஃப் என்றால் ஃபிஷரும் காஸ்பரோவும், பெர்லின் டிஃபென்ஸ் என்றால் 2000ஆம் ஆண்டு லண்டனில் காஸ்பரோவைக் கட்டிப்போட்ட கிராம்னிக். அவருடைய ஆட்டங்களை வருட வரிசையில் முதலில் வேகமாக ஓட்டிப் பாருங்கள். காய்கள் வழக்கமாக எங்கே போய் நிற்கின்றன, எந்தச் சிப்பாய் எப்போது உடைக்கப்படுகிறது, எந்தக் காயை மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறார் என்பது மட்டும் கண்ணில் பட்டால் போதும். அதற்கப்புறம் சில ஆட்டங்களை எடுத்துக்கொண்டு மெதுவாக, கடைசி வரை. ஆட்டம் எண்ட்கேமுக்கு (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்துக்கு) போனால் எண்ட்கேமையும் பாருங்கள். பெர்லினின் முக்கிய வரிசையில் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் போய்விடுகின்றன, அந்த ஓப்பனிங்கை எண்ட்கேம் தெரியாமல் புரிந்துகொள்ளவே முடியாது. அவர் தோற்ற ஆட்டங்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். தோற்ற பிறகு அடுத்த போட்டியில் அவர் எதை மாற்றினார் என்று பார்ப்பதுதான் இதில் மிகவும் ருசியான பகுதி.

எஞ்சினைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் தானாகப் பார்த்து, சந்தேகங்களை நோட்டில் எழுதி, அதன் பிறகு எஞ்சினிடம் கேட்க வேண்டும். வரிசை மாறினால் பயன் போய்விடும். தான் ஆடிய ஆட்டத்தையும் இதே மாதிரி வைத்துப் பார்க்க வேண்டும்: முன்னோர் போன வழியிலிருந்து நான் எந்த நகர்த்தலில் விலகினேன், விலகியது தெரிந்தா, தெரியாமலா?

இனி என் கோரிக்கை. பெரிய இடம் கேட்கவில்லை. நாற்பது நகர்த்தல் கொண்ட ஆட்டத்தைச் சிறிய எழுத்தில் ஒரு பத்தியில் அடக்கிவிடலாம். இருவர் பெயர், போட்டியின் பெயர், வருடம், ஓப்பனிங்கின் பெயர், கீழே நகர்த்தல்கள். ஓப்பனிங் முடிந்து நடு ஆட்டம் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு பலகைப் படம். விளக்கம் இரண்டு வரி போதும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எஞ்சின் எண் மட்டும் தயவுசெய்து வேண்டாம். முடிந்தால் ஒரு வாரம் ஒரு ஆட்டமும், அடுத்த வாரம் அதற்குப் பதில் சொன்ன இன்னொரு ஆட்டமுமாக ஜோடி ஜோடியாகப் போடுங்கள். முதல் ஜோடியாக ரெய்க்யவிக்கின் ஆறாவது ஆட்டத்தையும் ஹில்வர்சம் ஆட்டத்தையும் வைக்கலாம். நடப்புப் போட்டிகளிலிருந்து எடுக்கும்போது வென்றவர் பெயருக்காக எடுக்காமல், ஓப்பனிங்கில் ஏதாவது ஒரு கேள்வி எழும் ஆட்டமாகப் பார்த்து எடுங்கள். டிராவில் முடிந்த நல்ல ஆட்டங்கள் எவ்வளவோ இருக்கின்றன, அவையும் வரட்டும்.

ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கவும், அச்சுக்குப் போகும் முன் நகர்த்தல்களைப் பலகையில் வைத்துச் சரிபார்க்கவும் ஆள் வேண்டுமென்றால் நான் செய்து தரத் தயார். ஒரு எண் தப்பாக அச்சானால்கூட ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும், பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். அதனால் சரிபார்ப்பது கட்டாயம். சம்பளம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஒரு செஸ் பயிற்சியாளர்